கார்புரேட்டர் ஸ்குருவைக் கடைசியாகத் தொடுங்கள்: பழைய செயின் சா மிஷினைச் சரிபார்க்கும் வரிசை

மரம் அறுக்கும் மிஷின் கிளம்பவில்லை என்றதும் பலருக்கும் கை முதலில் போவது கார்புரேட்டர் ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்குருவுக்குத்தான். கால் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி. பத்து நிமிடத்தில் ஸ்குரு முதலில் எங்கே இருந்தது என்பதே மறந்துவிடும். இருந்த கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

ஸ்குரு தானாகத் திரும்பாது. போன வாரம் ஒழுங்காக ஓடிய மிஷின் இந்த வாரம் திணறுகிறது என்றால் மாறியது வேறு ஏதோ. டியூபில் விரிசல், அடைத்த ஃபில்டர், பழைய பெட்ரோல், காற்று இழுக்கும் சீல், கரி பிடித்த சைலன்சர், இவற்றில் ஒன்றாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்குருவால் சமாளித்து ஓட்டினால் கடைசியில் பிஸ்டன் போகும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஸ்டில் எம்.எஸ். 250. இதற்கு முந்தைய 025 மாடலும் ஏறக்குறைய இதே மிஷின்தான். 45.4 சி.சி., 42.5 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 32 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). கடைகளில் கிடைக்கும் 58 சி.சி. சீன மிஷினுக்கும் சோதிக்கும் வரிசை இதுதான், அளவுகள் மட்டும் மாறும். கையில் இருக்க வேண்டியவை: டி27 டார்க்ஸ் சாவி, 19 மி.மீ. பிளக் ஸ்பேனர், சின்னத் தட்டை ஸ்குரு டிரைவர், ஃபீலர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், நல்ல டார்ச். இவற்றோடு ஒரு பழைய பி.பி. பார்க்கும் கருவியும் வேண்டும். அது எதற்கு என்பது பின்னால் வரும்.

வேலை தொடங்கும் முன் சுவிட்சை ஆஃப் செய்து, பிளக் வயரைக் கழற்றி, செயினையும் அது ஓடும் நீளத் தகடான பாரையும் எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றினால் சிலிண்டர் ரெக்கைகளுக்கு நடுவே எண்ணெயில் ஊறிய மரத்தூள் அடை அடையாக இருக்கும். தென்னை அறுத்த மிஷின் என்றால் நாரும் சேர்ந்து கம்பளி மாதிரி போர்த்தியிருக்கும். குச்சியால் குத்தி, டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து எடுங்கள். சூடானதும் நின்றுபோகிறது என்று வரும் மிஷின்களில் சிலவற்றுக்கு இதுவே வைத்தியமாக அமைந்துவிடும்.

முதலில் சைலன்சர்

வேறு எதையும் சோதிக்கும் முன் சைலன்சரைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு நட்டுதான், ஐந்து நிமிட வேலை. இதில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும்.

ஒன்று, கரி. சைலன்சர் வாயில் தீப்பொறியைத் தடுக்கும் சின்ன வலை இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஐடிலில் நன்றாக நிற்கிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் மூச்சு முட்டுகிறது என்ற புகாரில் பாதிக்கு இந்த வலைதான் காரணம். பெட்ரோலில் கலக்கும் எண்ணெயை அதிகம் ஊற்றி, அரை ஆக்சிலேட்டரிலேயே ஓட்டும் மிஷினில் சீக்கிரம் அடைக்கும். கேஸ் அடுப்பில் சிவக்கக் காட்டி, ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் தட்டினால் கரி உதிர்ந்துவிடும்.

இரண்டு, பிஸ்டன். செலவு செய்யலாமா வேண்டாமா என்பதை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்துக்கொண்டே எக்ஸாஸ்ட் துவாரத்துக்குள் டார்ச் அடியுங்கள். பிஸ்டன் பக்கச் சுவரில் கடைசல் பட்டறையில் விழுந்த குறுக்குக் கோடுகள் லேசாகத் தெரிந்தால் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. மேலிருந்து கீழாக நகத்தில் தட்டுப்படும் கீறல்கள் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இருந்தால் எண்ணெய் இல்லாத பெட்ரோலில் ஓடியிருக்கிறது, அல்லது காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்து ஓடியிருக்கிறது. சூடு முதலில் ஏறுவது அந்தப் பக்கம்தான் என்பதால் பிடிப்பதும் அங்கேதான். கார்புரேட்டர் பக்கம் மங்கலாக, மணல் தாள் தேய்த்தது போல இருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. கிழிந்த ஃபில்டர், அல்லது சரியாக உட்காராத மூடி. நான்கு மூலையிலும் பிடித்த தடம் இருந்தால் காற்று வராமல் மொத்தமாகச் சூடேறியிருக்கிறது.

அங்கேயே ஒரு மரக்குச்சியால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கை மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அசையாமல் நின்றால் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழுத்த இரும்பு ஸ்குரு டிரைவர் வேண்டாம்.

கம்ப்ரஷன்

கேஜ் இல்லாதவர்களுக்குப் பழைய முறை ஒன்று உண்டு. செயின், பார் இல்லாமல், சுவிட்ச் ஆஃபில், பிளக் மாட்டியபடி, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தொங்கவிடுங்கள். நல்ல எஞ்சின் நின்று நின்று, படி இறங்குவது போல இறங்கும். கயிறு சரசரவென ஓடி மிஷின் கீழே போனால் கம்ப்ரஷன் இல்லை. கீழே ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேஜ் இருந்தால் சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தி, முள் ஏறுவது நிற்கும் வரை ஐந்தாறு முறை இழுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தாமல் எடுத்த அளவு பொய் சொல்லும். 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் என்றால் கவலை இல்லை. 120-ஐ ஒட்டி வந்தால் ஓடும், ஆனால் சூடான பிறகு கிளம்ப அடம் பிடிக்கும். 90-க்குக் கீழே போனால் கார்புரேட்டரைத் திறந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சிலிண்டருக்குள் அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அளவு சட்டென ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது.

கீறல் விழுந்த எஞ்சினில் சிலிண்டரும் போய்விட்டதாக முடிவு கட்ட வேண்டாம். சிலிண்டர் உள்சுவரில் கடினமான பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம்தான் அதன் மேல் அப்பியிருக்கும். பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்டு, அப்பியிருக்கும் இடத்தில் மட்டும் தடவினால் நுரைத்துக்கொண்டு கரையும். துவாரங்களின் ஓரத்தில் படக் கூடாது, அங்கே சிலிண்டரே அலுமினியம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டவெளியில் செய்யுங்கள். முடிந்ததும் சோடா மாவு கலந்த நீரால் கழுவி, உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும். அதன் பின் விரலால் தடவினால் வழவழவென்று இருந்தால் புது பிஸ்டன், ரிங் போதும். பூச்சே உரிந்து குழி தெரிந்தால் சிலிண்டரையும் மாற்றத்தான் வேண்டும்.

பிஸ்டன் மாற்றும்போது அதன் தலையில் இருக்கும் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். பின்னைப் பிடிக்கும் வட்டக் கிளிப்பின் வாய் மேலேயோ கீழேயோ இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். இந்த மாடலில் கிராங்க் ஷாஃப்ட் சிலிண்டருக்கும் அடித்தட்டுக்கும் நடுவே அமர்ந்திருக்கும். இணையும் இடத்தில் காகிதப் பேக்கிங் கிடையாது, பெட்ரோலுக்குத் தாங்கும் சீலன்ட் பசைதான். மெல்லிய கோடாகப் போடுங்கள். தாராளமாகப் போட்டால் உள்ளே பிதுங்கி பேரிங்கில் விழும்.

பொறி

பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, அதன் மரைப்பகுதி சிலிண்டர் உலோகத்தில் படும்படி வைத்து இழுங்கள். பிளக் துவாரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக் முனைகளுக்கு நடுவே இடைவெளி 0.5 மி.மீ.

பொறி வரவில்லை என்றால் புது பிளக்கில் ஒரு முறை பாருங்கள். அப்போதும் இல்லையென்றால், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒற்றை வயரைக் கழற்றிவிட்டு இழுங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நல்லது. சுவிட்சோ, எங்கோ உரசித் தோல் போன வயரோதான் கோளாறு. பழைய மிஷினில் இந்த வயர் கைப்பிடிக்கு அடியில் நசுங்கியிருப்பது சகஜம். புது காயில் வாங்கும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லையென்றால் விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் வைத்து, காந்தம் காயிலை இழுத்துக்கொள்ளும்போது ஸ்குருவை முறுக்கி, கார்டை உருவிவிடலாம். குளிரில் ஓடி, சூடானதும் நின்று, அரை மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பும் மிஷினில் பொறியை நின்றுபோன அந்த நிமிடமே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் காயில் நல்லதாகத்தான் தெரியும்.

பெட்ரோலும் அதன் பாதையும்

ஸ்குரு தானாக மாறாது என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு: பெட்ரோலே மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்தது. இன்று பங்க்கில் சாதாரணமாகக் கிடைப்பதே அதுதான். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு வைத்த செட்டிங்கில் கலவை சற்றுக் காற்று மிகுந்ததாகிவிடும். இன்னொரு வம்பு, எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் போய் நிற்கும். பெட்ரோலில் கலக்கும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். பெட்ரோல் ஃபில்டர் கிடப்பதோ அடியில். எஞ்சினுக்குப் போவது எண்ணெய் இல்லாத கலவை. முன்னே சொன்ன எக்ஸாஸ்ட் பக்கக் கீறலுக்கு இதுவும் ஒரு வழி.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பார்ப்பது எளிது. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 100 மி.லி. பெட்ரோல், 10 மி.லி. தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். அடியில் நிற்கும் நீர் மட்டம் 10-லிருந்து 30 மி.லி. பக்கம் ஏறியிருந்தால் அது இ20. ஆயில் கலக்காத பெட்ரோலில், அடுப்புக்குத் தூரத்தில் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலை மிஷினில் ஊற்றக் கூடாது.

கலவை விகிதம்: கம்பெனியின் சொந்த 2டி ஆயில் என்றால் 50-க்கு 1, லிட்டருக்கு 20 மி.லி. மற்ற ஆயில் என்றால் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மி.லி. என்பது கம்பெனி கையேட்டுக் கணக்கு. புகை சற்று வரும், வந்தால் வரட்டும். பைக்குக்கு ஊற்றும் 4டி எஞ்சின் ஆயில் இதற்கு ஆகவே ஆகாது, அது எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஐந்து லிட்டர் கேனில் கலந்து மழைக்காலம் முழுக்க வைத்திருப்பது பிஸ்டனுக்கு நாள் குறிப்பது.

பெட்ரோல் எஞ்சினுக்குப் போகிறதா என்று பார்க்க, சோக்கைப் போட்டு ஐந்தாறு முறை இழுத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பிளக் துவாரத்தில் ஐந்தாறு சொட்டுக் கலவையை விட்டு, பிளக்கை மாட்டி இழுக்கும்போது இரண்டு நொடி உறுமி நின்றால் பொறியும் கம்ப்ரஷனும் சரி, வழியில் அடைப்பு. மாறாகப் பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அளவுக்கு மேல் குடித்துவிட்டது. பிளக்கைக் கழற்றிவிட்டு, சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை அழுத்தி, மிஷினைத் தலைகீழாகச் சாய்த்துப் பத்து முறை இழுத்தால் வெளியேறிவிடும்.

வராத பெட்ரோலை டேங்கிலிருந்தே தேடிக்கொண்டு வாருங்கள். கொக்கி போல வளைத்த கம்பியால் ஃபில்டரை மூடி வழியாக வெளியே இழுங்கள். கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் புதிது போடுங்கள், கழுவி மாட்டும் அளவுக்கு விலை உயர்ந்த சாமான் இல்லை. டியூபை விரலில் வளைத்துப் பாருங்கள். டேங்க் சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில்தான் முடி போல விரிசல் விடும். நேராகக் கிடக்கும்போது தெரியாது, வளைத்தால் வாய் திறக்கும். பெட்ரோல் ஒழுகாமல் காற்று மட்டும் உறிஞ்சும் விரிசலும் உண்டு.

பத்து நிமிடம் ஓடி நிற்கிறது, டேங்க் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது. மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும்.

கார்புரேட்டருக்குள்

இதன் கார்புரேட்டரில் மிதவை கிடையாது, இரண்டு ரப்பர் ஜவ்வுகள்தான். ஒரு பக்க ஜவ்வு பெட்ரோலைப் பம்ப் செய்கிறது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸில் உண்டாகும் அழுத்த மாறுதல், இம்பல்ஸ் டியூப் என்ற சின்னக் குழாய் வழியாக வந்து அதை ஆட்டும். மறுபக்க ஜவ்வு ஊசி வால்வின் நெம்புகோலை அழுத்தி, தேவையான அளவு மட்டும் உள்ளே விடும். மிஷினை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் ஓடுவது இதனால்தான். ஜவ்வு விறைத்துவிட்டால் என்ன ஸ்குரு திருப்பினாலும் பயன் இல்லை. எடுத்து ஆட்டிப் பாருங்கள். புதியது துணி போல மடங்கும், போனது பிளாஸ்டிக் உறை போல சலசலக்கும்.

கழற்றும் ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் இருக்கும் பக்கம் முதலில் பேக்கிங், அதன் மேல் ஜவ்வு. மாற்றிப் போட்டால் மிஷின் ஓடாது, அல்லது ஊறிக்கொண்டே இருக்கும். எச் (முழு வேகத்துக்கான பெட்ரோல்), எல் (குறைந்த வேகத்துக்கான பெட்ரோல்) ஸ்குருக்களை எடுக்கும் முன், இறுக்கும் திசையில் மெல்லத் திருப்பி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். துவாரங்களில் கார்புரேட்டர் ஸ்ப்ரே அடித்துக் காற்றில் ஊதுங்கள். குண்டூசியோ கம்பியோ விட வேண்டாம், துவாரம் அகலமானால் கார்புரேட்டர் தூரப் போடத்தான். உள்ளே நுழையும் இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு வலை உண்டு. பெட்ரோல் ஃபில்டர் இல்லாமல் ஓடிய மிஷினில் அடைப்பு அதில்தான் இருக்கும்.

பூட்டிய பின் பெட்ரோல் வரும் காம்பில் 0.8 பார் அழுத்தம் கொடுத்தால் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் ஊசி வால்வு உட்காரவில்லை. நிறுத்தி வைத்த மிஷின் மறுநாள் காலை பெட்ரோலில் மூழ்கியிருப்பதற்கு அதுவே காரணம்.

காற்று இழுத்தல்

இதைத்தான் பலரும் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஏமாறுகிறார்கள். அடையாளம் தெளிவாக இருக்கும். ஐடில் ஒரே நிலையில் நிற்காது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சுற்று இறங்காமல் சிறிது நேரம் ஊளையிட்டு, பிறகுதான் தணியும். மிஷினை இடப்பக்கம் சாய்த்தால் ஒரு சத்தம், வலப்பக்கம் சாய்த்தால் வேறு சத்தம். இப்படி இருக்கும் மிஷினை எச் ஸ்குருவைத் திறந்து ஓட்டுவது, ஓட்டைப் பானையில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

காற்று புகும் இடங்கள் மூன்று: கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர், இம்பல்ஸ் டியூப், கிராங்க் ஷாஃப்ட்டின் இரு முனை ஆயில் சீல். பிரித்து ஒட்டிய எஞ்சின் என்றால் பசை போட்ட இணைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கத்தான் அந்த பி.பி. கருவி. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ரப்பர் வாயைத் தக்கையால் அடையுங்கள். சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் நடுவே சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டை வைத்து நட்டை முறுக்குங்கள். பிளக் மாட்டியே இருக்கட்டும். இப்போது இம்பல்ஸ் டியூபில் பி.பி. கருவியின் ரப்பர் குழாயைச் செருகி, பந்தை அழுத்தி முள்ளை 300-க்குக் கொண்டுவாருங்கள். இது சுமார் 0.4 பார், ஒர்க் ஷாப்பில் 0.5 பார் வைப்பார்கள். முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரை பிரஷ்ஷால் சீல்களிலும் இணைப்புகளிலும் தடவுங்கள். நுரை எங்கே பூக்கிறதோ அங்கே ஓட்டை. கிளட்ச் பக்கச் சீல் ஆயில் பம்ப்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் கிளட்ச்சைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க முடியும்.

அழுத்தத்தில் தேறிய சீலை முழுதாக நம்ப வேண்டாம். உள்ளிருந்து வரும் அழுத்தம் சீலின் உதட்டை ஷாஃப்ட்டோடு சேர்த்து அமுக்கும். வெற்றிடம் வந்தால் அதே உதடு தூக்கிக்கொள்ளும். வாக்குவம் கைப்பம்பு கிடைத்தால் 0.5 பார் இழுத்துப் பாருங்கள். 20 விநாடியில் 0.3-க்குக் கீழே இறங்கினால் சீலை மாற்றிவிடுங்கள்.

கிளட்ச் கழற்றும்போது இரண்டு கவனம். அது இடது மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் இடப்பக்கம் பலம் காட்டினால் ஷாஃப்ட் முனை உடையும். பிஸ்டனை நிறுத்தப் பிளக் துவாரத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றை விடுவது வழக்கம். பிஸ்டன் எக்ஸாஸ்ட் துவாரத்தை மூடிய பிறகு விடுங்கள். முன்னாலேயே விட்டால் கயிறு துவாரத்தில் மாட்டி நறுக்கிக்கொள்ளும். கழற்றிய கையோடு கிளட்ச் ஸ்பிரிங்குகளையும் பாருங்கள். ஐடிலில் செயின் தானாக ஓடுவதற்கு உடைந்த ஸ்பிரிங் ஒரு முக்கியக் காரணம்.

இப்போது ஸ்குரு

மேலே உள்ள எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு, சுத்தமான ஏர் ஃபில்டருடன், பாரும் செயினும் மாட்டி, செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு ட்யூனிங் தொடங்கலாம். எச், எல் இரண்டையும் மெல்ல உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று திறந்துவிடுங்கள். அழுத்தி முறுக்கினால் முனை நசுங்கிவிடும். சில மாடல்களில் எச் ஸ்குரு இருக்காது, சிலவற்றில் முழுச் சுற்றும் திரும்ப விடாத மூடி இருக்கும், அதற்குட்பட்டுச் செய்யுங்கள்.

இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். எல் ஸ்குருவை இரு பக்கமும் மெல்லத் திருப்பி, ஐடில் உச்சத்துக்கு ஏறும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு பங்குச் சுற்று திறந்து வையுங்கள். ஆக்சிலேட்டர் கொடுத்ததும் தயங்காமல் எகிற வேண்டும். பிறகு ஐடில் வேகத்தை மாற்றும் எல்.ஏ. ஸ்குருவால் செயின் நிற்கும் அளவுக்கு ஐடிலை இறக்குங்கள். மீட்டர் இருந்தால் 2,800 ஆர்.பி.எம்.

எச் ஸ்குருவுக்குக் காதுதான் மீட்டர். மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது சத்தம் சற்றுக் கரகரப்பாக, பர்ர்ர் என்று பிசிறடிக்க வேண்டும். மரத்தில் பதித்ததும் பிசிறு மறைந்து சத்தம் ஒரே சீராக வர வேண்டும். காற்றில் ஓடும்போதே விசில் போல வழவழவென்று கிரீச்சிட்டால் பெட்ரோல் போதவில்லை. கேட்க இனிமையாக இருக்கும், மிஷின் துடிப்பாக இருப்பது போலவும் தோன்றும்; அந்த இனிமையில்தான் பிஸ்டன் பிடிக்கும். மரத்துக்குள்ளும் பிசிறு போகாமல் புகை தள்ளினால் பெட்ரோல் அதிகம், சற்று மூடுங்கள். மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் இந்த மாடலில் 14,000-ஐத் தாண்ட விடக் கூடாது.

மலைக்கு மிஷின் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் காற்று அடர்த்தி குறைவு. கீழே ட்யூன் செய்த மிஷின் அங்கே புகை தள்ளிக்கொண்டு மந்தமாக ஓடும், எச்-ஐச் சற்று மூடினால் சரியாகும். ஆபத்து திரும்பி வரும்போதுதான். மலையில் மூடிய ஸ்குருவோடு பழனியிலோ மேட்டுப்பாளையத்திலோ புளிய மரத்தில் வைத்தால், அடிவாரத்துக் காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் முதல் டேங்க்கிலேயே பிஸ்டன் பிடித்துவிடலாம். இறங்கியதும் திறந்துவிட வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் அறுக்கவில்லை

எஞ்சின் சரி, மரத்தில் இறங்கவில்லை என்றால் செயினைப் பாருங்கள். துகள் துகளாக வராமல் கோதுமை மாவு போல வந்தால் மொண்ணை. தென்னை அடிமரத்தில் ஒட்டியிருக்கும் மணல் ஒன்றே போதும், பத்து நிமிடத்தில் முனையை எடுத்துவிடும். 0.325 அங்குல பிட்ச் (கண்ணி அளவு) செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் தலைக்கு மேலே தெரியும்படி பிடித்து, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், இழுக்க வேண்டாம். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கப் பற்கள் குட்டையானால் வெட்டு வாழைப்பழம் போல வளையும். இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகு பல்லுக்கு முன்னால் இருக்கும் திமிலைத் தட்டை அரத்தால் இறக்கி, 0.65 மி.மீ. வித்தியாசம் வையுங்கள். அதிகம் இறக்கினால் செயின் மரத்தைக் கடித்து மிஷினை உங்கள் பக்கம் எறியும்.

பார் பள்ளத்தின் ஆழம் 6 மி.மீ.க்குக் கீழே போனால், பள்ளத்துக்குள் ஓடும் செயினின் வால் அடியில் இடிக்கும். அப்படியானால் பாரை மாற்ற வேண்டியதுதான். செயின் தீட்டும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகப் புரட்டி மாட்டுங்கள். விளிம்பில் உதடு போலப் பிதுங்கியிருப்பதை அரத்தால் நீக்குங்கள். எண்ணெய்த் துவாரத்தைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பார் முனையை ஒரு பழைய செய்தித்தாளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். சில விநாடியில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் பம்ப்பையும் அதைச் சுற்றும் வார்ம் கியரையும் பாருங்கள். பைக்கிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலை ஊற்றினால் அதில் இருக்கும் இரும்புப் பொடி பம்ப்பைத்தான் முதலில் தின்னும். அதோடு அந்தக் கரி எண்ணெய் அறுப்பவரின் கையிலும் முகத்திலும் தெறித்துக்கொண்டே இருக்கும்.

புது செயின் மாட்டும் முன் கிளட்ச் டிரம்மில் இருக்கும், செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் 0.5 மி.மீ. ஆழம் இருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புது செயினை ஒரே வாரத்தில் இழுத்து நீட்டிவிடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்று கணக்கு வைத்துக்கொண்டால் போதும்.